அரிசி எங்கிருந்து வரும்?

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்து குவிந்த பண்டங்களை எண்ணிச் சொல்லும் பட்டினப்பாலை, ஈழத்திலிருந்து வந்த உணவையும் அவற்றுள் ஒன்றாக வைத்து எண்ணுகின்றது. அவ்வுணவு யாதெனப் புலவர் விரித்துரைத்தாரில்லை. எனினும், பிறநாட்டுத் துறைக்கு உணவை அனுப்பும் நாடொன்றாக ஈழம் அன்று அறியப்பட்டிருந்தது என்பது தெளிவு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலோ நிலைமை தலைகீழாயிற்று. இலங்கை மக்கள் உண்ட அரிசியிற் பாதிக்கு மேற்பட்டது அந்நியக் கப்பல்களில் வந்திறங்கியது. ஆகவே, அரிசி எங்கிருந்து வரும், என்ன விலைக்கு வரும், அந்த விலையைக் கொடுப்பவர் யாவர் என்னும் வினா, சுதந்திர இலங்கையின் பாராளுமன்றத்திலே மீண்டும் மீண்டும் எழுந்ததில் வியப்பில்லை.

நம் பாடசாலைகளில் வரலாறு பயிலும் மாணவர், 1952 ஆம் ஆண்டின் இறப்பர் அரிசி ஒப்பந்தத்தை ஒரு வரியாகப் படிக்கின்றனர். 1953 ஆம் ஆண்டின் ஹர்த்தாலை வேறொரு வரியாகப் படிக்கின்றனர். 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பின்னொரு பாடத்தில் வருகின்றது. மூன்றும் ஒரே வினாவுக்கு வெவ்வேறு வாய்களிலிருந்து வந்த விடைகள் என்பதை எவரும் அவர்க்கு எடுத்துரைப்பதில்லை. வினா ஒன்றாயிருக்க விடைகள் பிரிந்து போனது எவ்வாறு, அப்பிரிவினால் நட்டமடைந்தவர் யாவர் என்பதையே இக்கட்டுரையில் நாம் ஆராய விழைகின்றோம்.

பாராளுமன்றத்தில் வினா எழுப்பப்படும் முறையை முதலில் நோக்குதல் பொருத்தமாகும். உறுப்பினர் ஒருவர் தம் வினாவை எழுத்தில் முன்னறிவித்தல் வேண்டும். அவ்வினா உரிய மந்திரியின் காரியாலயத்துக்குச் செல்லும். அங்குள்ள உத்தியோகத்தர் திணைக்களத்திலிருந்து புள்ளிவிவரங்களைப் பெற்று விடையைத் தயாரிப்பர். மந்திரி அதனைச் சபையில் வாசிப்பார். துணைவினாக்கள் சில எழும். அவற்றுக்கும் விடை சொல்லப்படும். யாவும் ஹன்சார்ட் அறிக்கையில் அச்சேறும். இம்முறை குடியாட்சியின் பெரும்பேறுகளுள் ஒன்று என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் 'உரிய மந்திரி' என்ற சொல்லில் ஒரு சிக்கல் மறைந்து கிடக்கின்றது. கப்பலில் வரும் அரிசியைப் பற்றிய வினா வர்த்தக மந்திரிக்கு உரியது. வயலில் விளையும் நெல்லைப் பற்றிய வினா கமத்தொழில் மந்திரிக்கு உரியது. சங்கக் கடையில் அதே அரிசி விற்கும் விலையைப் பற்றிய வினா ஈற்றில் நிதி மந்திரியிடமே சென்று சேரும். உண்பவனின் கோப்பையில் மூன்றும் ஒன்றாகவே கிடக்கின்றன. சபையிலோ ஒவ்வொரு மந்திரியும் தம் பங்கை மட்டும் எடுத்துரைத்து அமர்ந்துவிடலாம்.

இப்பிரிவினை தற்செயலாக நேர்ந்ததன்று. அதன் வேர் பிரித்தானியர் காலப் பெருந்தோட்டப் பொருளாதாரத்திலே உள்ளது. தேயிலையும் இறப்பரும் தெங்குப் பொருள்களும் ஏற்றுமதியாயின; அவற்றால் வந்த பணத்தைக் கொண்டு பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அரிசி வாங்கப்பட்டது. மலைநாட்டில் ஏற்றுமதிப் பயிர் செழித்திருக்கும்வரை, வரண்ட பிரதேசத்தில் உடைந்து கிடந்த குளங்களைப் பற்றிக் கவலை கொள்ள ஆட்சியாளர்க்கு அவசியம் இருக்கவில்லை. 1931 ஆம் ஆண்டு டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் அரசாங்க சபை அமைந்தபோது, ஏழு நிர்வாகக் குழுக்கள் தோன்றின. கமத்தொழிலும் காணியும் டி. எஸ். சேனநாயக்காவின் பொறுப்பாயின. தொழில், கைத்தொழில், வர்த்தகம் ஆகியவை பெரி. சுந்தரத்தின் பொறுப்பாயின. உழவு ஓர் அறையிலும் வாணிகம் மற்றோர் அறையிலும் ஆராயப்படும் வழக்கம் சுதேச மந்திரிகளின் காலத்திலும் தொடர்ந்தது. டி. எஸ். சேனநாயக்கா 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தையும் மின்னேரியா முதலிய குடியேற்றங்களையும் கொண்டு நெல்விளைவைப் பெருக்க முயன்றார். அதே வேளை துறைமுகத்திலே மலிவான பர்மிய அரிசி தங்குதடையின்றி வந்து இறங்கிக்கொண்டிருந்தது. தம் நெல்லுக்கு நியாய விலை கிடைக்காத கமக்காரருக்குக் காணி கொடுத்தால் மட்டும் போதுமா என்னும் வினாவுக்கு எந்தக் குழுவும் தனித்து விடையளிக்க இயலவில்லை.

1942 ஆம் ஆண்டு போர் அவ்வினாவுக்குத் தானே விடை பகர்ந்தது. மார்ச் மாதத்தில் ரங்கூன் யப்பானியர் கைப்பட்டது. பர்மா அரிசி நின்றது. கூப்பன் முறை வந்தது. அரிசிச் சோறன்றி வேறறியாத வீடுகளிற் கோதுமை மா புகுந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் மலாயா வீழ்ந்தமையால், நேச நாடுகளின் படைகளுக்கு இலங்கையின் இறப்பர் இன்றியமையாததாயிற்று. மரத்தின் ஆயுளைப் பற்றிய எண்ணமின்றி, அது நலிந்து சாகுமளவுக்குப் பால் வெட்டப்பட்டது. போர் முடிந்தபோது அரிசிக்குப் பிறர் கையை எதிர்பார்த்த வயிறும், பால் வற்றிய மரங்களுமே நமக்கு எஞ்சின. வாணிகத்தின் கணக்கில் இலாபமாக எழுதப்பட்டது கமத்தின் கணக்கில் நட்டமாக நின்றது. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தவர் மிகச் சிலரே.

இப்பின்னணியிலே 1952 ஆம் ஆண்டை நோக்குவோம். கொரிய யுத்தத்தின் தொடக்கத்தில் உயர்ந்த இறப்பர் விலை பின்னர் வேகமாகச் சரிந்தது. அரிசி விலையோ உலகெங்கும் ஏறியது. விற்கும் பொருள் மலிய, வாங்கும் பொருள் அருகியது. அமெரிக்காவுடன் நடந்த பேச்சுக்கள் பயன் தரவில்லை. சந்தை விலைக்கு மேலாக இறப்பரை வாங்க அந்நாடு உடன்படவில்லை. சீனாவுக்குப் போர்த்தளவாடப் பயன்பாடுள்ள பொருள்களை விற்றலாகாது என 1951 மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் சபை தீர்மானித்திருந்தது. இலங்கை அன்று அச்சபையில் உறுப்பு நாடாக இருக்கவில்லை. 1955 டிசெம்பரிலேயே அது சேர்த்துக்கொள்ளப்பட்டது. டட்லி சேனநாயக்காவின் மந்திரிசபையில் வர்த்தகத்துக்குப் பொறுப்பாயிருந்த ஆர். ஜி. சேனநாயக்கா, பீக்கிங் நகருக்குத் தூதுக்குழுவொன்றை அழைத்துச் சென்றார். 1952 டிசெம்பர் 18 ஆம் நாள் ஐந்தாண்டு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஆண்டுதோறும் சீனா 2,70,000 தொன் அரிசி தரும். இலங்கை 50,000 தொன் இறப்பர் தரும். இறப்பருக்குச் சந்தை விலையிலும் கூடிய விலையும், அரிசிக்குச் சந்தை விலையிலும் குறைந்த விலையும் அமைந்தன. இரு நாடுகளுக்குமிடையே இராஜதந்திர உறவு ஏற்பட்டது 1957 இலேதான் என்பது ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது. தூதுவர்கள் அமர்வதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே அரிசி மூட்டைகள் வந்துவிட்டன.

அன்றைய அரசாங்கம் இடதுசாரி அரசாங்கமன்று. கொம்யூனிசத்தை வெளிப்படையாக எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சியே ஆட்சி புரிந்தது. மந்திரிசபைக்குள்ளேயே, குறிப்பாக நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனாவிடமிருந்து, இவ்வொப்பந்தத்துக்கு எதிர்ப்பு எழுந்தது. அமெரிக்க உதவி கிடையாது போகும் என்பதும் தெரிந்திருந்தது. அவ்வாறே சில ஆண்டுகள் அது கிடைக்கவுமில்லை. இவற்றையெல்லாம் மீறி ஒப்பந்தம் நிறைவேறியதற்குக் காரணம், வர்த்தக மந்திரி தம் விடையைத் தம் இலாகாவின் எல்லைக்குள் நிறுத்தாமையே என்பது நம் கருத்து. இறப்பர்த் தோட்டத்தின் வாழ்வையும் சாதாரண குடும்பத்தின் சோற்றையும் அவர் ஒரே கணக்கில் எழுதினார். 1953 ஆம் ஆண்டில் இறப்பர் மீள்நடுகைக்கு மானியம் வழங்கும் சட்டமும் வந்தது. போர்க்காலத்திற் பால் வற்ற வெட்டப்பட்ட மரங்களின் இடத்திற் புதுக்கன்றுகள் நாட்டப்பட வழி பிறந்தது. வாணிகமும் கமமும் கைகோத்து நின்ற அரிய தருணங்களுள் இதுவுமொன்றாகும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு அவ்வொப்பந்தம் 1982 வரை நிலைத்தது, அதன் பயனை வெவ்வேறு கட்சிகளின் அரசாங்கங்களும் உணர்ந்திருந்தன என்பதற்குச் சான்றாகும்.

ஆயினும் இப்பெருமையைக் கூறும்போது மறைத்தற்கியலாத ஒரு வெற்றிடம் நம் கண்ணெதிரே நிற்கின்றது. ஏற்றுமதியாகும் தேயிலையையும் இறப்பரையும் விளைவித்தோரிற் பெருந்தொகையினர் மலையகத் தமிழ்த் தொழிலாளர். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. 1952 ஆம் ஆண்டுத் தேர்தல் அவர்களின் வாக்கின்றியே நடந்தது. ஆதலால், இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்கிய அப்பாராளுமன்றத்தில், பால் வெட்டியவளின் கூலி யாது, அவளுக்கு இப்பேரத்தால் விளைந்த நன்மை யாது என்று அவள் வாக்கினால் வந்து கேட்பதற்கு ஓர் உறுப்பினரேனும் இருக்கவில்லை. விடை சொல்லும் மந்திரி எத்துணை நேர்மையாளராயினும், கேட்கப்படாத வினாவுக்கு அவர் விடை சொல்வதில்லை. வாக்குரிமையைப் பறித்தல் என்பது வினாவைப் பறித்தலுமாகும்.

வினாவை எழுப்ப வழியிருந்தோரின் நிலையும் நெடுநாள் நன்றாயிருக்கவில்லை. 25 சதத்துக்கு ஒரு கொத்து அரிசி என்ற வாக்குறுதியுடன் 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்ற அரசாங்கம், 1953 யூலை மாதத்தில் அவ்விலையை 70 சதமாக உயர்த்தியது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நிறுத்தப்பட்டது. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் கூடின. சீனத்திலிருந்து மலிவான அரிசி வரத் தொடங்கிய அவ்வாண்டிலேயே கடையில் அரிசி விலை ஏறக்குறைய மும்மடங்காயது எங்ஙனம்? இறக்குமதி விலைக்கும் பங்கீட்டு விலைக்குமிடையே இருந்த பள்ளத்தை அரசாங்கத்தின் மானியமே நிரப்பி வந்தது. வெளிநாட்டுச் செலாவணி வற்றியபோது, உலக வங்கியின் ஆராய்ச்சிக் குழு முன்பே எடுத்துரைத்திருந்த ஆலோசனைக்கு இயைய, நிதி மந்திரி அம்மானியத்தின்மேற் கைவைத்தார். வர்த்தக மந்திரி அரிசி எங்கிருந்து வருமெனக் கூறியிருந்தார். விலையைக் கொடுப்பவர் யாவர் என்ற வினாவின் பாதிக்கு நிதி மந்திரி விடை கூறினார்: ஏழை மக்கள் கொடுப்பர் என்பதே அவ்விடை.

அவ்விடையை மக்கள் ஏற்றிலர். லங்கா சமசமாஜக் கட்சியும் கொம்யூனிஸ்ட் கட்சியும் பிற இடதுசாரிகளும் விடுத்த அழைப்பின்படி, 1953 ஆகஸ்ட் 12 ஆம் நாள் நாடு ஸ்தம்பித்தது. தமிழரசுக் கட்சியும் ஆதரவு தந்தது. தெற்கிலும் மேற்கிலும் கிராமத்து மக்கள் வீதிகளை மறித்தனர், தண்டவாளங்களைப் பெயர்த்தனர். மந்திரிகள் கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடிப் பேசினர். அவசரகாலச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஒக்டோபரில் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். பின்வந்த சேர் ஜோன் கொத்தலாவலையின் அரசாங்கம் விலையைச் சிறிது குறைத்தது. சபையிற் பொருத்தமான விடை கிடையாத வினா வீதிக்கு வரும் என்பதை அந்நாள் உணர்த்தியது. 1962 இல் நிதி மந்திரி பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா பங்கீட்டு அரிசியில் அரைக்கொத்தைக் குறைக்க முன்வந்தபோது, ஆளுங் கட்சியின் பின்வரிசை உறுப்பினரே எதிர்த்தெழுந்தனர். அவர் பதவி விலக நேர்ந்தது. 1953 ஐ அவர்கள் மறந்திருக்கவில்லை.

இவ்வளவிலும் கமக்காரன் எங்கே நின்றான்? உத்தரவாத விலைத் திட்டத்தின் கீழ் அரசாங்கம் நெல்லைப் புசலுக்கு 12 ரூபா கொடுத்து வாங்கியது. உலகச் சந்தை விலையோடு ஒப்பிடுகையில் அது நல்ல விலையே. கமத்தொழில் மந்திரியின் விடையில் அது பெருமிதத்துடன் இடம்பெறற்குரியதே. ஆயின், வயல் பிறருடையதாயின் அவ்விலையால் உழுதவனுக்கு வந்த பயன் என்ன? விளைச்சலிற் பாதியைக் காணிக்காரர்க்கு அளந்து, விதைநெல்லுக்கும் எருதுக்கும் பட்ட கடனை அறுவடைக் களத்திலேயே கொடுத்துத் தீர்ப்பவன் சங்கத்துக்கு விற்க மிஞ்சுவது சிறிதே. 1956 இல் கமத்தொழில், உணவு மந்திரியான பிலிப் குணவர்த்தனா இவ்விடத்திலேயே கைவைத்தார். 1958 ஆம் ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டமாகிய நெற்காணிச் சட்டம், குத்தகை உழவனுக்கு நிலைத்த உரிமை அளித்தது. காணிக்காரரின் பங்கு விளைச்சலிற் காற்பங்குக்கு மேற்படாதவாறு வரையறுத்தது. அதே மந்திரிசபையில் ஆர். ஜி. சேனநாயக்கா மீண்டும் வர்த்தக மந்திரியாக இருந்தார். வெளியிலிருந்து வரும் அரிசிக்கு வழி கண்டவரும், உள்ளே விளையும் நெல்லில் உழுதவனுக்குப் பங்கு தேடியவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தனர். ஆனால் அம்மேசையில் இருந்த வேறு சிலர் அச்சட்டத்தின் பற்களைப் பிடுங்குவதிற் கருத்தாயிருந்தனர். சட்டம் நலிந்தே வெளிவந்தது. பல இடங்களிற் குத்தகை உழவர் வெளியேற்றப்பட்டனர். 1959 இல் பிலிப் குணவர்த்தனா பதவி துறந்தார்.

எழுபதுகளில் ஊசல் மறுபுறம் சென்றது. செலாவணி நெருக்கடியின் பேரில் வெங்காயம், செத்தல் மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி தடுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்கள் செழித்தன. தோட்டக்காரர் கல்வீடு கட்டினர். கமத்தொழில் வெற்றியெனச் சபையிற் கூறத்தக்க விடைதான் அது. அதே காலத்தில் அரிசியையும் மிளகாயையும் மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுசெல்ல வொட்டாது வீதிகளில் மறியல்கள் போடப்பட்டன. 1974 இல் மலைநாட்டுத் தோட்டங்களில் மரணவீதம் கடுமையாக உயர்ந்தது. தமக்கென உழுதுண்ண ஒரு துண்டு வயலில்லாத தொழிலாளர், பங்கீட்டு மாவும் அரிசியும் குறைந்தபோது வேறெதனை உண்பர்? 1977 இன் பின்னர் இறக்குமதிக் கதவுகள் அகலத் திறந்தன. இப்போது நுகர்வோருக்கு மலிவு என்பது வர்த்தக மந்திரியின் விடையாயிற்று. வடபுலத்துத் தோட்டக்காரரின் வெங்காயமும் மிளகாயும் விலையிழந்தன. ஒரு கொள்கை தோட்டக்காரனை வாழவைத்துத் தோட்டத் தொழிலாளியைப் பட்டினியிற் கைவிட்டது. மறு கொள்கை தோட்டக்காரனையும் கைவிட்டது. ஒவ்வொரு விடையும் தன்னளவில் உண்மையானதே. இரண்டும் அரை உண்மைகள்.

அண்மைக்கால நிகழ்ச்சியொன்று இவ்வாராய்ச்சியை நிறைவு செய்யத் துணைபுரியும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. இயற்கை வேளாண்மை என்பது கமத்தொழிலின் பெயரால் தரப்பட்ட காரணம். அவ்வேளை நாட்டின் டொலர்க் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது என்பது நிதியின் பெயராற் பேசப்பட்டிருக்க வேண்டிய காரணம். சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளைக் கப்பலொன்று, அதன் மாதிரிகளில் தீங்கான நுண்ணுயிர்கள் காணப்பட்டனவெனத் திருப்பி விடப்பட்டது. எனினும் அதற்காக ஏறத்தாழ 67 இலட்சம் அமெரிக்க டொலர் கொடுக்க நேர்ந்தது. நவம்பரில் தடை நீங்கியது; ஆனால் பெரும்போகம் அதற்குள் தொடங்கிவிட்டது. விளைச்சல் வீழ்ந்தது; வெளியிலிருந்து அரிசி வாங்க வேண்டியதாயிற்று. 1952 இல் சீனத்து அரிசிக்கு நாம் இறப்பரைக் கொடுத்தோம். எழுபது ஆண்டுகள் சென்றபின், நம் மண்ணில் இறங்காத பசளைக்குச் செலாவணியைக் கொடுத்தோம். முன்னதில் ஒரு மந்திரி இரு கணக்குகளையும் ஒன்றாக்கினார். பின்னதில் மூன்று கணக்குகளும் மூன்று இடங்களிற் கிடந்தன.

கூட்டுப்பொறுப்பு என்பது மந்திரிசபை ஆட்சியின் அடிப்படை. ஒரு மந்திரியின் விடைக்கு எல்லா மந்திரிகளும் பொறுப்பாளிகள். 'அது என் இலாகாவைச் சேர்ந்ததன்று' என்ற சொல் சபையின் ஒழுங்குவிதிகளுக்கு அமையலாம். உண்பவனின் நியாயத்துக்கு அமையாது. பாராளுமன்றத்துக்கு நாம் அனுப்பும் உறுப்பினர் அரிசியைப் பற்றிக் கேட்கும்போது, எங்கிருந்து வருகின்றது என்பதோடு நில்லாது, அதற்கு ஈடாக யாருடைய உழைப்பு வெளியே போகின்றது, உள்நாட்டில் உழுதவனுக்கு அதனால் நேர்வது என்ன, விலை ஏறினால் முதலிற் பட்டினி கிடப்பவர் யாவர் என்பனவற்றையும் ஒரே மூச்சிற் கேட்டல் வேண்டும்.

வாசகர்க்கும் ஒரு கடமையுண்டு. முற்காலத்து மந்திரிமார் தம் விடைகளைப் பெரும்பாலும் ஆங்கிலத்திற் கூறினர். அவற்றை அறியும் வாய்ப்பு, அவ்விடைகளாற் பாதிக்கப்பட்டோரிற் பெரும்பாலோர்க்கு இருக்கவில்லை. இன்று அத்தடை அவ்வளவாக இல்லை. ஹன்சார்ட் அறிக்கைகள் நூலகங்களிற் கிடைக்கின்றன. ஆசிரியரும் மாணவரும் சங்கங்களில் உழைப்போரும் அவற்றை எடுத்து, ஒரே காலத்தில் வர்த்தகம், கமத்தொழில், நிதி ஆகிய மூன்றின் சார்பிலும் கூறப்பட்ட விடைகளை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தாற் கணக்கில் விடுபட்ட பெயர்கள் தெரியவரும். விடுபட்டோர் சார்பில் அடுத்த வினாவை எழுதி, தம் தொகுதியின் உறுப்பினர் கையிற் கொடுப்பது அதன் பின்னர் செய்யவேண்டிய வேலையாகும்.